பென்டிரைவ் போட்டவள்

"வைரஸ் ஏறிடுச்சும்மா" என்றார் கணினி ஆய்வக உதவியாளர்.

2017 மே 15, திங்கட்கிழமை. கோடை விடுமுறை. விழுப்புரத்தில் பாசஞ்சர் ஏறி, முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று நின்று நின்று திண்டிவனம் வந்து இறங்கி, ஷேர் ஆட்டோவில் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தபோது தமிழ்த்துறை அறை வாசலில் நாலு பேர் கூடியிருந்தார்கள். துறைக்கென்று இருந்த ஒரே கணினியின் திரை சிவப்பாக இருந்தது. நடுவில் ஆங்கிலத்தில் ஒரு நீண்ட அறிவிப்பு, மேலே பூட்டுப் படம், இடப்பக்கம் பின்னோக்கி ஓடும் இரண்டு கடிகாரங்கள். உங்கள் கோப்புகள் பூட்டப்பட்டுவிட்டன, 300 டாலர் பிட்காயினில் கட்டினால் திறப்போம், மூன்று நாளில் கட்டாவிட்டால் தொகை இரட்டிப்பாகும், ஏழு நாளில் கோப்புகள் போய்விடும். மூலையில் மொழி தேர்ந்தெடுக்கும் பட்டி இருந்தது. 28 மொழிகள். தமிழ் இல்லை, இந்தியும் இல்லை. அந்தப் பதற்றத்திலும் அதைத் தேடிப் பார்த்தேன். தமிழ் படித்தவர்களின் வியாதி.

அந்தக் கணினிக்குள் என் எம்.ஃபில் மாணவி சேகரித்த 41 ஒப்பாரிப் பாடல்களின் ஒலிப்பதிவும் எழுத்து வடிவமும் இருந்தன. திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணம் சாலையில் உள்ள சில ஊர்களில், சாவு வீடுகளிலும் அறுவடை ஓய்ந்த மதியங்களிலும் ஏழெட்டு மாதம் அலைந்து பதிவுசெய்தவை. பாடியவர்களில் இரண்டு பாட்டிகள் அதற்குள் இறந்துவிட்டிருந்தார்கள். அவளுக்கு பி.ஏ. படிக்கும்போது கிடைத்த இலவச மடிக்கணினியைத் தம்பி சென்னைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டான். கைபேசியில் இடம் போதாது. எனவே பதிவுசெய்ததையெல்லாம் கேபிள் போட்டுத் துறைக் கணினியில் ஏற்றிவிட்டு, கைபேசியில் அழித்து, அடுத்த பாட்டுக்கு இடம் செய்துகொள்வாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை உட்கார்ந்து தட்டச்சு செய்துவிட்டு, கணினியை அணைக்காமல் பேருந்துக்கு ஓடிவிட்டாள். கடைசியாகத் தொட்டது அவள்.

"வெளியில கண்ட கண்ட எடத்துல சொருகின பென்டிரைவ இங்க கொண்டாந்து சொருகுறது" என்றார் உதவியாளர். துறைத்தலைவர் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். "எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?" என்று கேட்டேன். உண்மையில் நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ஆனால் அந்த வாக்கியம் எங்கிருந்தோ தயாராக வந்து நாக்கில் நின்றது. என் அம்மா என்னிடம் சொன்ன வாக்கியம் அது. அம்மாவிடம் ஆயா சொல்லியிருப்பாள்.

விளக்கக் கடிதம் கேட்டார்கள். 'கவனக்குறைவாக வெளிப் பென்டிரைவைப் பயன்படுத்திவிட்டேன், இனி இவ்வாறு நிகழாது' என்று நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். ஒரு பக்கத்தோடு பிரச்சினை முடியட்டும் என்று நினைத்தேன். இரண்டு இடத்தில் ஒற்றுப்பிழை இருந்தது. திருத்தினேன். "மன்னிச்சிடுங்கம்மா" என்று என்னிடமும் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அன்று மதியமே கணினியை ஃபார்மட் செய்து சுத்தமாக்கினார்கள்.

ஆறு வருஷம் இதை நான் நினைக்கவில்லை. அவள் வேறு தலைப்பில், நூலகத்தில் கிடைத்த அச்சுத் தொகுப்புகளை வைத்து ஓர் ஆய்வேட்டை முடித்துப் பட்டம் வாங்கினாள். நானும் அந்தக் கல்லூரியிலிருந்து வேறொன்றுக்கு மாறினேன்.

2023இல் விழுப்புரத்தில் கல்லூரிப் பெண்களுக்கு இணையப் பாதுகாப்பு விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்று நடந்தது. என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். எனக்கு முன்னால் பேசியவர் பெண்களுக்கான பத்துக் கட்டளைகளைத் திரையில் காட்டினார். முகப்புப் படம் வைக்காதே. தெரியாத இணைப்பைத் தொடாதே. இரவில் ஆன்லைனில் இருக்காதே. பத்தும் 'ஆதே'யில் முடிந்தன. கைபேசி செய்தவர், அதற்குள் இருக்கும் இயங்குதளத்தை எழுதியவர், செயலியை விற்றவர் என்று ஒருவரும் அந்தப் பட்டியலில் இல்லை. என் முறை வருவதற்குள், பழைய நினைவில், அந்தச் சிவப்புத் திரையைப் பற்றி உதாரணம் சொல்லலாமா என்று கைபேசியில் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அதன் பெயர் வான்னாக்ரை. படிக்கப் படிக்க எனக்கு வியர்த்தது.

அது பரவுவதற்குப் பென்டிரைவ் வேண்டியதில்லை. எந்த இணைப்பையும் சொடுக்க வேண்டாம், எந்த அசிங்கமான தளத்துக்கும் போக வேண்டாம். வலைப்பின்னலில் இணைந்திருந்து, விண்டோஸ் கணினிகள் தங்களுக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள வைத்திருக்கும் ஒரு பழைய வாசலில் இருந்த ஓட்டை அடைபடாமல் இருந்தால் போதும். கணினியின் முன்னால் ஆளே இல்லாவிட்டாலும் அது உள்ளே வரும், அங்கிருந்து பக்கத்துக் கணினிக்குத் தானே போகும். 2017 மே 12 வெள்ளிக்கிழமை தொடங்கி 150க்கும் மேற்பட்ட நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் அப்படித்தான் புகுந்தது. இங்கிலாந்தின் பொது மருத்துவ அமைப்பில் 80 மருத்துவ நிர்வாகங்களாவது பாதிக்கப்பட்டு, ஆயிரக்கணக்கானோரின் சிகிச்சை நேரம் ரத்தானது. ஆந்திரக் காவல்துறையின் கணினிகளில் ஏறியது. வயநாட்டின் தரியோடு ஊராட்சி அலுவலகத்தில் ஏறியது. மரக்காணம் சாலைப் பெண் ஒருத்தி எதைச் சொருகினாள் என்பதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அந்த ஓட்டை யாருக்கும் தெரியாத ஓட்டையும் அல்ல. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை அதைக் கண்டுபிடித்து, அதற்கேற்ற ஒரு கள்ளச்சாவியும் செய்து, எட்டர்னல் புளூ என்று பெயரிட்டு, பிறரை வேவு பார்க்க வைத்துக்கொண்டிருந்தது. ஐந்து வருஷத்துக்கும் மேலாக அது அவர்கள் கையில் இருந்தது என்று அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. தெரிந்தும் சொல்லவில்லை. சாவி கைமாறிவிட்டது என்ற நிலை வந்த பிறகுதான் விஷயம் மைக்ரோசாஃப்ட் காதுக்குப் போனது என்றும் எழுதினார்கள். 2017 மார்ச் 14 அன்று நிறுவனம் ஓட்டையை அடைக்கும் ஒட்டை வெளியிட்டது. ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 14, நமக்குச் சித்திரை ஒன்று, ஷேடோ புரோக்கர்ஸ் என்ற கும்பல் அந்தச் சாவியை உலகத்துக்கே வீசிவிட்டது. அதற்கும் நான்கு வாரம் கழித்து வந்தது அந்த வெள்ளிக்கிழமை.

பழைய எக்ஸ்பி கணினிகளின் கதை இன்னும் மோசம். அதற்கான ஆதரவை நிறுவனம் 2014 ஏப்ரல் 8 அன்றே நிறுத்தியிருந்தது. தனி ஒப்பந்தம் போட்டுப் பணம் கட்டியவர்களுக்கு மட்டும் ஒட்டுகள் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தன. எல்லோருக்குமான இலவச ஒட்டு வந்தது தாக்குதல் தொடங்கிய பிறகு. பணம் கட்டியவர் வீட்டுக் கதவுக்கு ஒரு தாழ், கட்டாதவர் வீட்டுக்குத் திருட்டுப் போன பிறகு ஒரு தாழ்.

எங்கள் துறைக் கணினியில் இருந்தது விண்டோஸ் 7. உதிரி வாங்கிச் சேர்த்துத் தந்தவர் உரிமம் இல்லாத பிரதியைப் போட்டிருந்தார். "அப்டேட்ட ஆஃப் பண்ணி வச்சிருக்கேன் மேடம், ஆன் பண்ணீங்கன்னா ஸ்கிரீன் கருப்பாயிடும்" என்று உதவிபோலச் சொல்லிவிட்டுப் போனது இப்போது ஞாபகம் வருகிறது. தலையாட்டினேன். திண்டிவனம், விழுப்புரம் பக்கம் பாதி ஜெராக்ஸ் கடைகளிலும் பிரவுசிங் சென்டர்களிலும் அன்றைக்கு இதுதான் வழக்கம். அப்டேட் என்பதை அந்நிய நிறுவனத்தின் சோதனை அதிகாரி வீட்டுக்குள் வருவதாகவே நாங்கள் புரிந்துவைத்திருந்தோம். வந்தால் மாட்டிக்கொள்வோம். கதவைச் சாத்திவிட்டால் நிம்மதி. நம் அரசு கொடுத்த மடிக்கணினிகளில் ஆரம்ப வருஷங்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சிடாக் உருவாக்கியது, உரிமம் என்ற கவலையே இல்லாதது. அதைத் திறந்துகூடப் பார்க்காமல் அழித்துவிட்டு விண்டோஸுக்கு இடம் செய்துகொண்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் துறைக் கணினியில் அதைப் போடலாம் என்று எனக்கும் தோன்றவில்லை.

இன்னொன்றையும் அன்று படித்தேன். அதைச் சொல்லத்தான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தாக்குதல் நடந்த ஒரு வாரத்துக்குள், மே 18, 19 தேதிகளில், பிரான்ஸைச் சேர்ந்த ஆய்வாளர்கள் சில மீட்புக் கருவிகளை இலவசமாக வெளியிட்டார்கள். எக்ஸ்பி, விண்டோஸ் 7 போன்றவற்றில், கணினியை அணைக்காமல், மறுபடி தொடங்காமல் விட்டிருந்தால், அதன் நினைவகத்தில் மிச்சமிருக்கும் எண்களைப் பிடித்துக் கோப்புகளைத் திறக்க வாய்ப்பு இருந்தது. வாய்ப்புதான், உறுதி இல்லை. ஆனால் எங்கள் கணினி வெள்ளிக்கிழமையிலிருந்து அணைக்கப்படவே இல்லை. திங்கட்கிழமை மதியம் நாங்கள் அதைக் கழுவித் துடைத்தோம். நான்கு நாள் பொறுத்திருந்தால் அந்த இரண்டு பாட்டிகளின் குரல் ஒருவேளை மிஞ்சியிருக்கும்.

ஏன் பொறுக்கவில்லை? 'வைரஸ் ஏறிடுச்சு' என்ற சொல்லிலேயே விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். நம் பேச்சில் பேய் ஏறும், விஷம் ஏறும். ஏறியதை இறக்கவேண்டும். யார் கொண்டுவந்தது என்று முதலில் கேட்கவேண்டும், பிறகு கழுவவேண்டும். கணினியின் பழுதை நாங்கள் தீட்டாகத்தான் பார்த்தோம். தீட்டுக்கு ஓர் உடம்பு வேண்டும், அது எங்கேயோ போய்வந்த உடம்பாக இருக்கவேண்டும். பென்டிரைவ் அதற்கு வசதியான பொருள்: இங்கும் அங்கும் போகும், பலதோடு சேரும். 'கண்ட கண்ட எடத்துல' என்று சொல்லும்போது உதவியாளரின் உதடு கோணியதே, அது ஒரு பிளாஸ்டிக் துண்டைப் பற்றிய கோணல் அல்ல. அதே அறையில் முனைவர் பட்ட ஆய்வாளர்களான பையன்கள் வாரத்துக்கு மூன்று படம் பென்டிரைவில் கொண்டுவந்து பார்ப்பார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. அவள் பெண் என்பதால் மட்டும் அல்ல. அவள் வருகிற ஊரில் எந்தத் தெருவிலிருந்து வருகிறாள் என்பதும் அந்த வாசலில் நின்ற எல்லோருக்கும் தெரியும். என் தெருவும் தெரியும். நான் அப்படி அணைக்காமல் போயிருந்தால் "மின்சாரம் ஏறி இறங்கியிருக்கும்" என்று சொல்லியிருப்பார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை எனக்கே சொல்லிக்கொள்கிறேன். பெண்ணின் உடலையும் கணினியையும் ஒப்பிட்டு எழுதும் கட்டுரைகள் எனக்குப் பிடிக்காது. கணினிக்கு வலிக்காது. ஓட்டை என்றதும் உடலுக்குத் தாவும் கவிதைகளை நானே ஒரு காலத்தில் எழுதி, பிறகு கிழித்திருக்கிறேன். என் கேள்வி வேறு. ஒரு தீங்கு நடந்ததும் நம் கண் முதலில் எங்கே போகிறது? கட்டியவனின் பழுதுக்கா, புழங்கியவளின் நடத்தைக்கா? நடத்தைக்குத்தான் போகவேண்டும் என்று அந்தக் கண்ணுக்கு யார் பழக்கியது?

ஒரு பாதி விடை என் பாடத்திலேயே இருக்கிறது. திருக்குறளின் 57ஆம் குறளைப் பல வருஷம் உற்சாகமாக நடத்தியிருக்கிறேன். பெண்களைச் சிறைபோல அடைத்துக் காப்பதால் பயனில்லை, அவர்கள் தம் நிறையால் தம்மைக் காத்துக்கொள்வதே தலையான காப்பு என்று அது சொல்கிறது. பார், அடைத்துவைப்பதை அந்தக் காலத்திலேயே மறுத்திருக்கிறார் என்று மாணவிகளிடம் சொல்வேன். முதல் பாதி சரி. இரண்டாவது பாதியில் காவல் வேலை முழுவதும் அவள் கைக்கே மாறிவிடுகிறதே என்பதை நான் கவனித்தாலும் வேகமாகக் கடந்துவிடுவேன். சிறை உடைந்தால் சிறைக்காரனைக் கேட்கலாம். தலையான காப்பே அவள் நிறைதான் என்று ஆகிவிட்டால், காப்பு உடைந்த அன்று கேட்கவேண்டிய ஆள் அவள் ஒருத்தி மட்டும். விழுப்புரம் கூட்டத்தின் பத்துக் கட்டளையும் இதே இடத்தில்தான் நிற்கிறது.

பெண்கள் மட்டும்தான் இப்படி அகப்படுகிறார்கள் என்றும் இல்லை. 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணினியில் தீநிரல் புகுந்ததாகச் செய்தி வந்தபோது முதல் நாள் நிலையத்தின் தரப்பில் மறுத்தார்கள். மறுநாள், அக்டோபர் 30, இந்திய அணுமின் கழகம் அதை ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4 அன்றே இந்தியக் கணினி அவசர உதவிக் குழுவிடமிருந்து அவர்களுக்குத் தகவல் போயிருந்தது. அணு உலைக் கட்டுப்பாட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை, நிர்வாகப் பணிக்கான இணைய வலையில் இணைந்திருந்த ஒரு பயனாளரின் கணினி அது என்று அறிக்கை சொன்னது. ஒரு பயனாளர்! அவ்வளவு பெரிய நிலையத்தில், அவ்வளவு பெரிய மதிலுக்குள், கடைசியில் அறிக்கையில் நடமாடும் ஒரே மனித உருவம் பெயர் இல்லாத ஒரு பயனாளர். அந்த மனிதர் ஆணோ பெண்ணோ, அன்று இரவு எப்படித் தூங்கினார் என்று யோசிக்கிறேன்.

எங்கள் பக்கம் ஏரிக்காடு. மழைக்காலத்தில் கரையில் நண்டு வளை வழியாகக் கசிவு கண்டால், பார்த்தவர் ராத்திரி எத்தனை மணியானாலும் கூவவேண்டும். ஊர் மண்ணும் மூட்டையுமாக ஓடும். பார்த்துவிட்டுக் கூவாமல் போனவன் ஊருக்குத் துரோகி. அந்தக் கசிவைத் தன் நிலத்துக்குத் தண்ணீர் திருப்ப வசதியாக வைத்துக்கொள்கிறவனை என்ன பெயர் சொல்லி அழைப்பது? கரை உடைந்தால் முதலில் மூழ்குவது பள்ளத்துத் தெரு, அது யார் தெரு என்று சொல்லவேண்டியதில்லை. அதன்பிறகு, ஏரியில் துணி துவைக்கப் போனவள் கரையை மிதித்ததால்தான் உடைந்தது என்று பஞ்சாயத்து கூடினால் எப்படி இருக்கும்? நாங்கள் கூட்டியது அந்தப் பஞ்சாயத்து. ஐந்து வருஷம் கூவாமல் இருந்தவர்கள் வாஷிங்டன் பக்கம் இருந்தார்கள், அவர்கள் நம் பார்வைக்கே வரவில்லை. அந்த வாரக் கடைசியிலேயே மைக்ரோசாஃப்ட் தலைவர் பிராட் ஸ்மித், அரசுகள் ஓட்டைகளைச் சேர்த்துவைப்பதைக் கண்டித்து எழுதினார். ராணுவத்திடமிருந்து ஏவுகணைகள் திருடுபோவதோடு அதை ஒப்பிட்டார். நியாயமான கோபம். ஆனால் ஓட்டையோடு விற்றவர்கள் யார் என்ற கேள்விக்கு அந்தக் கோபம் பதிலாகாது. மென்பொருளை நிறுவும்போது படிக்காமல் 'ஏற்கிறேன்' என்று அழுத்துகிறோமே, அந்த ஒப்பந்தங்களில் விற்பவர் தன் பொறுப்பை முடிந்தவரை சுருக்கிக்கொண்டிருப்பார். மின்விசிறி கழன்று விழுந்தால் கீழே படுத்திருந்தவளிடம் ஏன் அங்கே படுத்தாய் என்று கேட்கமாட்டோம். (கேட்கிற வீடுகளும் உண்டு.)

சரி, அப்படியானால் புழங்குகிறவளுக்குப் பொறுப்பே கிடையாதா? கூட்டத்தில் இதைப் பேசியபோது முன்வரிசையில் ஒரு மாணவி எழுந்து கேட்டாள். "எங்க தப்பே இல்லன்னு சொன்னா, எங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு ஆயிடாதா மேம்?" சரியான கேள்வி. அன்று மழுப்பினேன். பிறகு யோசித்தேன். குற்றம் இல்லாதவள் என்று சொல்வதற்காக ஒருத்தியைக் குழந்தையாக்குவது இன்னொரு வகை அவமதிப்பு. பூட்டத் தெரிந்துகொள்வதும் பிரதி எடுத்துவைப்பதும் நம் கையில் உள்ளவை, கற்கத்தான் வேண்டும். ஆனால் எச்சரிக்கையாக இருக்கக் கற்றுக்கொடுப்பது வேறு, எச்சரிக்கை தவறியதைக் குற்றமாக எழுதிக் கையெழுத்து வாங்குவது வேறு. யாருக்கு எவ்வளவு தெரிந்திருந்தது, தெரிந்ததை வைத்து என்ன செய்ய முடிந்திருக்கும் என்று வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஓட்டை இருப்பது முகமைக்குத் தெரியும். நிறுவனத்துக்குத் தெரிந்தபோது ஒட்டு போட்டது, அதையும் பணம் பார்த்துப் போட்டது. கணினி சேர்த்துத் தந்தவருக்கு அப்டேட்டை நிறுத்தியது தெரியும். எனக்கு அவர் நிறுத்தியது தெரியும். மேலும் என் வீட்டு அலமாரியில் ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் இருந்தது, என் கவிதைகளும் குடும்பப் புகைப்படங்களும் அதில் பத்திரமாக இருந்தன. நெறியாளர் என்ற முறையில் அந்த 41 பாட்டை ஒருநாள் அதில் ஏற்றிக்கொண்டு போயிருந்தால் போதும். எனக்குத் தோன்றவில்லை. வரிசையில் கடைசியாக, எதுவும் தெரியாமல், செய்ய வழியும் இல்லாமல் நின்றவள் அவள். கையெழுத்துப் போட்டவளும் அவள்.

அந்த வருஷம் ஐப்பசியில் அவளைப் பார்க்கப் போனேன். திண்டிவனத்துக்குப் பக்கத்திலேயே கல்யாணம் ஆகி, ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தாள். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. காபி கொடுத்தாள். நான் ரயிலில் மனப்பாடம் செய்துகொண்டு போனதைச் சொன்னேன். அது பென்டிரைவில் வரவில்லை, உன் மேல் தப்பு இல்லை, நான்தான் தெரியாமல் பேசிவிட்டேன்.

அவள் கொஞ்சநேரம் குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்ட பென்டிரைவே இல்லம்மா" என்றாள். "இருந்திருந்தா பாட்டையெல்லாம் அதுல ஏத்தி வச்சிருக்க மாட்டனா?"

இந்த ஒரு வாக்கியத்துக்குக் கணினி அறிவு தேவையில்லை. அன்று அந்த வாசலில் நின்ற யாருக்கும், முனைவர் பட்டம் வாங்கிய எனக்கும், தோன்றியிருக்கவேண்டிய வாக்கியம்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொன்னா, அப்ப யார் போட்டாங்கன்னு கேப்பீங்க. எனக்கு என்னாம்மா தெரியும்? நீங்க வேற சொல்லச் சொல்ல எழுதுன்னீங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு எழுதிட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

பேச்சை மாற்ற அவளே கைபேசியை எடுத்தாள். குழுக்கடன் தவணை, குழந்தையின் தடுப்பூசித் தேதி, செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வந்த வங்கிக் குறுஞ்செய்தி, மளிகைக்கடைக்கு ஜிபே எல்லாம் அதில்தான். நாலைந்து வருஷத்துக்கு முன் ஏழாயிரத்துக்கு வாங்கியது. நான் இப்போது இதிலெல்லாம் அரைகுறை நிபுணர் ஆகிவிட்டதால், வாங்கிப் பார்த்தேன். கடைசிப் பாதுகாப்புத் திருத்தம் வந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. "அப்டேட் பண்றதில்லையா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். மறுபடியும் அதே குரல்.

"முன்ன வரும்மா. அத போட்டா எடம் பத்தாது, பாப்பா போட்டோவ அழிக்கச் சொல்லும். இப்ப அதுவா வர்றதில்ல. இந்த மாடலுக்கு இனிமே வராதாம்."

இதை அலட்சியம் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். குழந்தையின் படமா, கண்ணுக்குத் தெரியாத ஓட்டைக்கு ஒட்டா என்று தேர்ந்தெடுக்கச் சொல்லும் கைபேசியைச் செய்து விற்றவர்கள் அந்தக் கேள்வியைத் தங்களிடம் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. விலை கூடிய கைபேசிகளுக்கு இப்போது ஏழு வருஷம் வரை திருத்தம் தருவதாக விளம்பரம் செய்கிறார்கள். ஏழாயிரத்துக்கு வாங்கியவளின் வங்கிக் கணக்கு மட்டும் இரண்டு வருஷத்தில் பழசாகிவிடுமா?

கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

"அந்த லெட்டர் இன்னும் காலேஜ் ஃபைல்லதாம்மா இருக்குமா?"

"இருக்கும்."

"அத எடுத்துட முடியுமாம்மா? எப்பனா கெஸ்ட் லெக்சரர் வேலைக்கு அங்க போட்டன்னா..."

அன்றிரவு விழுப்புரம் வந்ததும் எழுத உட்கார்ந்தேன். பழைய கல்லூரியின் முதல்வருக்கு, தமிழ்த்துறைத் தலைவர் வழியாக. மார்ச் 14, ஏப்ரல் 14, மே 12 என்று தேதிகளை வரிசையாகப் போட்டேன். மேற்படி மாணவியிடம் பென்டிரைவ் எதுவும் இருக்கவில்லை என்றும், அக்கடிதம் என்னால் சொல்லப்பட்டு அவரால் எழுதப்பட்டது என்றும், அதைக் கோப்பிலிருந்து நீக்கவேண்டும், இயலாவிட்டால் இக்கடிதத்தை அதனுடன் சேர்த்து வைக்கவேண்டும் என்றும் எழுதினேன். துறைக் கணினியின் அப்டேட் நிறுத்தப்பட்டிருந்தது எனக்குத் தெரியும் என்பதையும் ஒரு வரி சேர்த்தேன். பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டை வந்தது, பதில் வரவில்லை. இரண்டு நினைவூட்டல் போட்டாயிற்று. மூன்றாவது மேசையில் இருக்கிறது. தேர்வுத்தாள் திருத்தும் பணி முடிந்ததும் இந்த முறை நேரிலேயே கொண்டுபோய்க் கொடுக்கலாமென்று இருக்கிறேன். திண்டிவனத்துக்குக் காலையில் ஒரு பாசஞ்சர் இருக்கிறது.